கள்ளியை வென்ற பூச்சி



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியில் இன்று நம் கண்ணை நிறைப்பவை சீமைக் கருவேல மரங்களே. ஆனால் என் பாட்டனார் தம் இளமைக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வேறொரு முள்ளைப் பற்றியே சொல்வார். அது சப்பாத்திக்கள்ளி. கண்மாய்க் கரை, வண்டிப் பாதை, கரிசல் காட்டின் வரப்பு ஆகிய எல்லா இடங்களிலும் அது புதர் புதராக மண்டிக் கிடந்ததாம். வானத்தை நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் விதைக்கிற குடியானவனுக்கு ஒரு முழ நிலமும் பெரிதன்றோ? அந்த நிலத்தைக் கள்ளி கவர்ந்துகொண்டது. வெட்டி எறிந்தாலோ, எறிந்த மடல் ஒவ்வொன்றும் விழுந்த இடத்திலேயே வேர் பிடித்தது. "ஒன்றை வெட்டினோம், பத்தை நட்டோம்" என்று பாட்டனார் கசப்போடு சிரிப்பார்.

அந்தக் கள்ளிக்காடு எங்கே போயிற்று? அதை வென்றது கடுகளவே உள்ள ஒரு பூச்சி. அதன் வரலாறு ஒரு சாயத்தின் வரலாற்றில் தொடங்குகிறது.

சப்பாத்திக்கள்ளி நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அக்கள்ளியின் மீது வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்தி, மெக்சிகோ மக்கள் செக்கச் செவேலென்ற சாயம் எடுத்து வந்தனர். ஸ்பானியர் அதனைத் தங்கள் தனி வாணிகமாக வைத்திருந்தனர். அந்தச் செல்வத்தில் பங்கு பெற விரும்பியது கிழக்கிந்தியக் கம்பெனி. சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், பூச்சிக்கு உணவாகக் கள்ளி வளர்க்கவென்றே சைதாப்பேட்டையில் ஒரு தோட்டம் அமைத்தார். 1795ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து பூச்சியும் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் இனமன்று. அதன் ஒன்றுவிட்ட உறவு! சாய வாணிகம் பொய்த்தது. எனினும், வந்த பூச்சி ஒருவகைக் கள்ளியைத் தின்று அழித்ததை மக்கள் கண்டுகொண்டனர். 1860களில் கள்ளியை ஒழிப்பதற்காகவே அதனை இலங்கைக்குக் கொண்டு சென்றனர். ஒரு களையை அடக்க ஒரு பூச்சியை நாடு விட்டு நாடு கொண்டுபோன முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று.

அப்படியானால் நம் கரிசல் காட்டுக் கள்ளி ஏன் பிழைத்திருந்தது? அது வேறு இனம். அந்தப் பூச்சி அதனைத் தீண்டவில்லை. இந்தப் பூச்சிக்கு இந்தக் கள்ளி என்று இயற்கை வகுத்த பொருத்தம் அவ்வளவு நுட்பமானது. பொருத்தமான வேறொரு கொச்சினீல் இனம் ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வந்து, அங்கிருந்து 1926ஆம் ஆண்டில் தென்னிந்தியாவுக்கு வந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் தென்னகத்தில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர், அதாவது ஒரு லட்சம் ஏக்கர், நிலம் கள்ளியினின்று விடுபட்டதாகக் கணக்கிட்டிருக்கின்றனர்.

பூச்சி செய்யும் வேலை எளியது. சிறகில்லாத பெண் பூச்சி மடலில் ஊசி போன்ற வாயைப் பதித்து, இடம்விட்டு நகராமல் சாற்றை உறிஞ்சுகிறது. பஞ்சு போன்ற வெண்மெழுகு அதன் உடலைப் போர்த்திருக்கும். நசுக்கினால் விரல் சிவக்கும். குஞ்சுகள் காற்றில் மிதந்து அடுத்த புதருக்குச் செல்லும். சாறிழந்த மடல்கள் மஞ்சளித்துச் சாய்ந்துவிடும். "கள்ளிக்கு வெள்ளை பூத்தது, பிறகு அழுகி விழுந்தது" என்று பாட்டனார் கண்டு சொன்னது இதனைத்தான்.

ஆனால் அவர் தமக்கைக்கு அதில் முழு மகிழ்ச்சி இல்லை. கள்ளிப் பழம் ஏழைப் பிள்ளைகளின் தின்பண்டம். பஞ்ச காலத்தில் முள்ளைத் தீயில் பொசுக்கி மடலை மாட்டுக்குப் போட்டார்கள். தோட்டத்துக்குக் காசில்லாத வேலியும் அதுவே. ஒருவருக்குக் களையாக இருப்பது மற்றொருவருக்குக் கைப்பொருளாக இருக்கலாம். வடகிழக்குப் பிரேசிலில் கள்ளியை மாட்டுத் தீவனமாகப் பயிரிடும் உழவர்களுக்கு, நம்மைக் காத்த இதே பூச்சி இன்று பெரும்பகை!

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. கள்ளியைத் தின்னும் ஒரு விட்டிற்பூச்சியின் புழு ஆஸ்திரேலியாவில் பெருநிலப்பரப்பை மீட்டுத் தந்தது. அதே பூச்சி 1957இல் மேற்கிந்தியத் தீவுகளில் விடப்பட்டது. 1989இல் அமெரிக்காவின் புளோரிடாவில் காணப்பட்டது. அங்கே அந்நாட்டுக்கே உரிய கள்ளிகள் அதற்கு இரையாயின.

இப்போது சாலையோரத்துச் சீமைக் கருவேலத்தை மீண்டும் பாருங்கள். 1877ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், கள்ளியைப் போலவே கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் அடைத்துக்கொண்டது. ஆயினும் இதன் கரியை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் பல உள்ளன. இதற்கும் ஒரு பூச்சியை விடலாமே என்று கேட்பீர்கள். தென்னாப்பிரிக்கர் 1980களில், மரத்தைக் கொல்லாமல் அதன் விதையை மட்டும் தின்னும் வண்டை விட்டனர். மரத்தின் பயனை விரும்புவோரையும் எண்ணியே அந்த வண்டைத் தேர்ந்தார்கள்.

எந்தப் பூச்சி, எந்தச் செடி என்று ஆராய்வது அறிவியல். அச்செடியால் யாருக்கு நட்டம், யாருக்குப் பிழைப்பு என்று விசாரிப்பது அறம். திறந்துவிட்ட பூச்சியைத் திரும்ப அழைக்க இயலாது. ஆதலால் இவ்விரண்டையும் முன்கூட்டியே செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு நாளை உங்கள் கையில் வரும்.