விபத்து நடந்த இடம்

ஆர்.கே.பேட்டையில் பனி என்றால் மார்கழிப் பனிதான். விடிகாலையில் தெருவில் பாவு நீட்டுகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். சோளிங்கர் மலை எட்டு மணி வரை கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான். புல்லில் நிற்பதும் பனி, ஊரை மூடுவதும் பனி, இமயமலையில் உறைந்து கிடப்பதும் பனி. நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல். 1993 ஜனவரியில் சித்தப்பாவிடமிருந்து வந்த தந்தியை, பனியில் லாரி சறுக்கிக் கிளீனர் பையன் இறந்துவிட்டான் என்று தபால்காரர் படித்துச் சொன்னார். ஆயாவுக்குப் புரியவில்லை. “பனியில எப்டிடா லாரி வழுக்கும்?” என்று நைனாவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. பதிலில் பாதி மலையில் இருந்தது. மீதி சட்டப் புத்தகத்தில் இருந்தது.

எங்கள் ஊரின் முழுப்பெயர் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. திருத்தணி வட்டாரம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது இங்கே வந்த ஊர். வீட்டுக்கு வீடு தறி. என் தாத்தா கைத்தறி, நைனா விசைத்தறி. சித்தப்பாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. பதினேழு வயதில் கிளீனராக லாரி ஏறினார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளின் சரக்கு வடக்கே போய்க்கொண்டிருந்த காலம். ஐந்தாறு வருஷத்தில் அவரே டிரைவர்.

சித்தப்பா வாயில் இந்தியா ஒரே சாலையாக இருந்தது. “கும்மிடிப்பூண்டி தாண்டுனா நெல்லூரு, விஜயவாடா. அப்புறம் நாக்பூரு. நாக்பூர் போய்ட்டா பாதி இந்தியா முடிஞ்சிதுனு அர்த்தம். ஜான்சி, ஆக்ரா, டெல்லி, அம்பாலா, பதான்கோட், ஜம்மு. ஜம்முல ரோடு முடிஞ்சிரும் கண்ணு. அதுக்கு மேல இருக்கறது ரோடே இல்ல. அது வேற ஒண்ணு.” ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் 3,700 கிலோமீட்டர் ஓடும் அந்தத் தடத்துக்கு 44 என்று ஒரே எண் கொடுத்தது 2010இல்தான். அவர் ஓட்டிய காலத்தில் அது பல எண்களாகத் துண்டுபட்டிருந்தது.

டெல்லிக்குப் போன வண்டிக்கு ரிட்டர்ன் லோடு கிடைக்காவிட்டால் கிடைத்த லோடை ஏற்றுவார்கள். அப்படித்தான் அந்த ஜனவரியில் ஜம்மு வரை ஒரு லோடு, ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு சிமெண்டு. இன்று 2017இல் திறந்த செனானி–நஷ்ரி சுரங்கம் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் மலையைக் குடைந்து போகிறது. பத்னிடாப் ஏற்றத்தைப் பார்க்காமலே தாண்டிவிடலாம். அன்று அந்தச் சுரங்கம் இல்லை. குத் ஊரைத் தாண்டி இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறியாக வேண்டும். அதற்கப்பால் பனிஹாலில் 1956இல் திறந்த ஜவாஹர் சுரங்கம் இருந்தது. அது வருவதற்கு முன் குளிர்காலத்தில் கணவாய் மூடினால் பள்ளத்தாக்குக்குத் தரைவழியே கிடையாது.

சித்தப்பா பனியைப் பற்றிப் பேசும்போது வெள்ளையாகக் கிடக்கிற பனியைச் சொல்லமாட்டார். “வெள்ளையா இருந்தா பயமில்ல. டயர் கடிக்கும், சங்கிலி கட்டிக்கினு போய்டலாம். ரோடு கறுப்பா, மழை பேஞ்சு காஞ்ச மாதிரி மின்னும் பாரு, அதான் எமன். ஈரம்னு நெனைப்ப. ஈரம் இல்ல, கண்ணாடி.” பகலில் உருகிய நீர் ராத்திரியில் மெல்லிய படலமாக உறைவது அது. கணக்குப் போட்டால் அவர் பயம் புரியும். காய்ந்த தார் ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சக்கரங்களை இறுக்கிப் பிடித்தால் ஒன்பது, பத்து மீட்டரில் நின்றுவிடும். பனிக்கட்டியில் அதே வண்டிக்கு அறுபது மீட்டருக்கு மேல் வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டி பிரேக் பிடித்தபடியே பின்னால் நழுவவும் செய்யும். சக்கரம் சுற்றாது, வண்டி மட்டும் போகும்.

குளிர் இன்னொரு வழியிலும் வரும். டீசலில் மெழுகு இருக்கிறது. கடுங்குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். பழந்துணியைக் கம்பியில் சுற்றி, டீசலில் நனைத்துக் கொளுத்தி, டேங்குக்கு அடியில் காட்டிச் சூடேற்றுவார்களாம். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்குக் கொண்டுவந்தது 2019 நவம்பரில்.

அன்று விடிகாலை, குத்துக்கும் பத்னிடாப்புக்கும் நடுவே முன்னால் ஒரு வண்டி நின்றுவிட, சித்தப்பாவும் ஏற்றத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. கிளீனர் பையன் வழக்கம்போலக் குதித்துக் கட்டையை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்கு ஓடினான். எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி அவன் வீடு. வயது பத்தொன்பது. கால் வழுக்கி விழுந்தான். அதே நேரத்தில் வண்டியும் நழுவியது. “நான் பிரேக்க விடல” என்பதை சித்தப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்காதபோதும் சொல்வார்.

அவர் மீது வழக்கு. ஜம்மு காஷ்மீரில் அன்று இந்திய தண்டனைச் சட்டம் கிடையாது, ரண்பீர் தண்டனைச் சட்டம். 2019 அக்டோபர் வரை அதுதான். ஆனால் எண் ஒன்றே, 304 ஏ. அசட்டையாகவோ கவனக்குறைவாகவோ மரணம் விளைவித்தல். ஆங்கிலேயர் 1870இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்த்த பிரிவு அது. அதிகபட்சம் இரண்டு வருஷச் சிறை. ஜாமீனில் வந்த பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் மூன்று நாள் ரயிலில் போனார். மொழி தெரியாத கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டதும் கையைத் தூக்கினார். ஆறு வருஷம் கழித்துச் சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

பையனின் அம்மாவுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துவது. அவர் திருத்தணியில் ஒரு வக்கீலைப் பார்த்தார். நைனா கூடப் போனார். வக்கீல் நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார்: “கேஸ் இங்க போட முடியாதும்மா. விபத்து நடந்த இடத்துலதான் போடணும். அதுவும் ஆறு மாசத்துக்குள்ள.” அவர் சொன்னது சரி. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு அன்று அப்படித்தான் இருந்தது. யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 25,000 ரூபாய் தரச் சொன்னது அதே சட்டம். ஆனால் அந்தப் பணம் உதம்பூரில் இருந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் போகலாம் என்றாலும் அங்கேயும் இடம் அதுவே. வாரக்கூலிக்குத் தறி ஓட்டும் பெண் உதம்பூருக்கு எப்படிப் போவாள்? முதலாளி கொஞ்சம் பணம் கொடுத்தார், ஒரு வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

முடியவில்லை. பல வருஷம் கழித்து, வேறொரு வேலையாக இந்தச் சட்டத்தின் திருத்தங்களைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். 1994 நவம்பரில் அந்தப் பிரிவு மாறியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். ஆறு மாதக் கெடு எடுக்கப்பட்டுவிட்டது. மறுவருஷம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இடம் பற்றிய விதி தளர்ந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், 1990இல் நடந்த ஒரு விபத்தின் மனுவைக்கூடப் பழைய கெடுவைக் காட்டித் தள்ளக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த அம்மா நம் மாவட்டத்திலேயே மனு போட்டுப் பார்த்திருக்கலாம். சட்டம் திருந்தி அவள் வாசல் வரை வந்திருக்கிறது. வந்த செய்தியை அவளுக்குச் சொல்ல ஆளில்லை. நைனாவிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வக்கீலாண்ட இன்னொரு வாட்டி போயிருக்கலாம்டா” என்றார்.

இதில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2019 திருத்தம் அந்த ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் முதல் அது அமலுக்கு வந்தது. சட்டத்தில் ஒரு கதவு திறந்தால் திறந்தே இருக்கும் என்று நினைக்கக்கூடாது.

விபத்து செய்த டிரைவர் ஓடிவிடுகிறான் என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் கடமையை டிரைவருக்கு விதிக்கும் 134ஆம் பிரிவு, கும்பலின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் தவிர என்று தானே ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. தெருவில் என்ன நடக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. புதிய நியாய சன்ஹிதாவில், போலீசுக்குச் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்ற 106(2) வந்தபோது, 2024 ஜனவரி முதல் நாட்களில் வட இந்தியா முழுக்க லாரிகள் நின்றன. அந்த ஜூலையில் சட்டம் அமலானபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

ஓடாமல் நின்றவனுக்கும் ஒரு கதை இருக்கிறது. 2018 ஏப்ரல் 6, கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம். இந்தியாவிலிருந்து போன இளம் ஓட்டுநர் ஒருவர், வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆனவர், நிறுத்தக் குறியைக் கவனிக்காமல் சந்திப்பைக் கடந்தார். ஹம்போல்ட் ஊரின் ஐஸ் ஹாக்கி அணி வந்த பேருந்து மோதியதில் 16 பேர் இறந்தார்கள். அவர் வழக்கை இழுக்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எட்டு வருஷச் சிறை, பிறகு நாடுகடத்தும் உத்தரவு. லாரி உரிமையாளருக்கு 5,000 டாலர் அபராதம். கனரக வாகன உரிமத்துக்கு 121.5 மணிநேரப் பயிற்சி அந்த மாகாணத்தில் கட்டாயமானது அதன் பிறகுதான். சிறைக்குப் போனவன் ஒருவன், அபராதத்தோடு முடிந்தவன் இன்னொருவன் என்பது குத் ஏற்றத்திலும் ஹம்போல்ட் சாலையிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 2025 வரை நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொன்னது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது தானாகப் பொருந்தியது. ஒரு லாரி, ஒரு டிரைவர், ஒரு கிளீனர் என்ற கணக்கு அதற்கு வெளியே நின்றது. புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் இப்போது ஏசி கட்டாயம். டிரைவரின் உடம்புக்கும் வெயில் குளிர் உண்டு என்று விதி ஒத்துக்கொள்ள இத்தனை காலம்.

உமணர்கள் உப்பு வண்டியின் அடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. வழியில் மேடு எது பள்ளம் எது என்று தெரியாதே என்றுதான். வண்டிக்கு ஸ்டெப்னி அன்றிலிருந்து இருக்கிறது. ஓட்டுகிறவனுக்கும் கட்டை போடுகிறவனுக்கும்தான் அது இன்னும் சரியாக வரவில்லை.

சித்தப்பா அதன் பிறகு மலைக்குப் போகவில்லை. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, எண்ணூர் என்று உள்ளூரிலேயே ஓட்டினார். மாதம் பிறந்ததும் அந்த அம்மாவிடம் இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டு வருவார். உள்ளே போகமாட்டார், திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிடுவார். அந்த அம்மாவும் வேண்டாம் என்று சொன்னதில்லை. 2004இல் அவர் இறந்தபோது அந்த அம்மா வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். “பனிதானே, இவரு இன்னா பண்ணுவாரு” என்று ஒருமுறை சொன்னார். அந்த ஒன்றைச் சொல்ல யாராவது உதம்பூர் கோர்ட்டில் இருந்திருக்கலாம்.