துருத்தி இல்லாத உலை

இரும்பு உருக்கக் கரியும் தாதும் மட்டும் போதாது. காற்று இடைவிடாமல் உள்ளே போக வேண்டும், அதற்குத்தான் துருத்தி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைமை வகித்த ஆனந்த குமாரசாமி, பலாங்கொடைப் பக்கம் அழிந்துகொண்டிருந்த இரும்புத் தொழிலைப் பதிவு செய்தார். அவர் எழுதியதும் துருத்தி உலையைப் பற்றித்தான்.

அதே வட்டாரத்தில் வளவை ஆற்றின் குறுக்கே சமனலவெவ அணை எழும்பியபோது, அந்த நிலத்தை அலசப் புறப்பட்டவர் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப். அதுவரை யாரும் அறியாத ஒரு வகை உலை அவர் கண்ணில் பட்டது. எல்லாம் குன்றுகளின் மேற்கு விளிம்பில், தென்மேற்குப் பருவக்காற்று முகத்தில் அறையும் இடங்களில். ஊரார் வீடு கட்டத் தவிர்க்கும் இடத்தை உலைக்காரர்கள் தேடிப் பிடித்திருக்கிறார்கள். காலம், கி.பி. முதல் ஆயிரத்தாண்டு.

காற்றே துருத்தியா? வீசும், ஓயும், திசை மாறும் காற்றை நம்பி எவன் இரும்பு உருக்குவான்? வாதாடிக்கொண்டிருக்காமல் ஜூலெஃபும் குழுவினரும் 1994இல் உலையையே கட்டிப் பார்த்தார்கள்.

பின்புறம் வளைந்த சுவர், நிலையானது. முன்புறம் காற்றைப் பார்த்து நீளமான களிமண் சுவர். அதன் அடியில் வரிசையாகச் சுடுமண் குழல்கள். வேலை முடிந்ததும் முன்சுவரை இடித்துத்தான் இரும்பை எடுக்க வேண்டும். அடுத்த முறைக்கு மறுபடியும் சுவர் வைக்க வேண்டும்.

சூட்சுமம் சுவரின் தலையில் இருந்தது. காற்று குழல்களுக்குள் நேராகப் புகுந்து ஊதுவதைவிட, சுவரின் மேல் விளிம்பைத் தாண்டி ஓடும்போது அதன் பின்னால் அழுத்தத்தைக் குறைக்கிறது. அந்த இழுப்பில் கீழேயுள்ள குழல்கள் வழியாகக் காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. சோதனை உலைகளில் இரும்பு மட்டுமல்ல, கரிமம் மிகுந்த எஃகும் கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்-கிந்தி, சரந்தீபின், அதாவது இலங்கையின், எஃகைக் குறிப்பிட்டிருப்பதற்கு இப்போது பொருள் கூடுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இன்று செய்து காட்டியதாலேயே அன்று அப்படித்தான் செய்தார்கள் என்று ஆகிவிடாது. பழந்தொழிலைச் செய்து பார்க்கும் ஆய்வுகள் பல தடுக்கி விழும் இடம் இது. சமனலவெவயில் உலை நின்ற இடம், பார்த்த திசை, சுவரின் அமைப்பு மூன்றும் ஒரே பதிலைச் சொல்கின்றன. அதனால் இந்தச் சோதனையின் முடிவை நம்பலாம்.