ஆரஞ்சு இலையும் பூசணிக்காயும் எதுக்கு? மழைக்காலத்துல தொடக்கப்பள்ளி வகுப்பறையில் என்னவெல்லாம் செய்யலாம்?

அக்டோபர் பிறந்தால் போதும், டீச்சர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் 'ஆட்டம் ஆக்டிவிட்டி' பிடிஎஃப்கள் சுத்த ஆரம்பிச்சுடும். ஆரஞ்சு நிற மேப்பிள் இலை, பூசணிக்காய், மஃப்ளர் கட்டிய அணில். குழந்தைகள் அதுக்கு கலர் அடிச்சுக்கிட்டு இருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கிட்டு இருக்கும். அந்த இலையையும் அவங்க பார்த்ததில்லை, அந்த அணில் ஏன் மஃப்ளர் கட்டியிருக்குன்னும் தெரியாது.

வெளிநாட்டு வொர்க்ஷீட் தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்த ஊரில் அந்த மாதத்தில் வாசலில் கிடப்பதை எடுத்து அந்த ஊர் டீச்சர் பாடம் நடத்துகிறார். நம்ம வாசலில் அதே மாதத்தில் என்ன கிடக்கிறது என்பதுதான் கேள்வி. 1 முதல் 5-ம் வகுப்பு வரை பாடம் எடுக்கிறவர்களுக்கு, பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய சில விஷயங்களைப் பார்க்கலாம் வாங்க.

நமக்கு இது என்ன காலம்?

ஆங்கிலத்தில் 'ஆட்டம்' என்பதைத் தமிழில் 'இலையுதிர் காலம்' என்று எழுதி எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் தமிழ் மரபு வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம், அதாவது குளிர்காற்றோடு கூடிய காலம். அப்புறம் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இந்தப் பட்டியலில் இலை உதிர்வதற்கென்று தனிப் பருவமே கிடையாது. (மூணு வருஷம் தமிழ் பி.ஏ. படித்ததற்கு இந்த ஒரு பத்தியிலாவது பயன் இருக்கட்டும்!)

வானிலை கணக்குப்படி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். இந்த மூணு மாதத்தில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாக சுமார் 44 செ.மீ. மழை கிடைக்கிறது. வருஷ மழையில் கிட்டத்தட்ட பாதி. பள்ளிக்கூடக் கணக்கில் இது இரண்டாம் பருவம். அதாவது முழு பருவமே மழையோடுதான் ஓடும்.

டீச்சர்களுக்கு இதில் என்ன சிக்கல்?

30 பேர் படிக்கிற வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் 12 பேர் வருவார்கள். புதுப் பாடம் எடுத்தால் வராத 18 பேருக்கு அது போச்சு. எடுக்காவிட்டால் நனைந்துகொண்டே வந்த 12 பேரும் சும்மா உட்கார வேண்டும். விளையாட்டு பீரியடும் கிடையாது. ஈராசிரியர் பள்ளி என்றால் அஞ்சு வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ இருந்தால் டீச்சர் பேசுவது மூணாவது வரிசைக்குக் கேட்காது.

அதனால் மழை நாள் செயல்பாட்டுக்கு ரெண்டு தகுதி வேணும். வந்தவங்களுக்கு ஏதாவது கிடைக்கணும், வராதவங்களுக்கு எதுவும் தவறிப்போகக் கூடாது. 'எண்ணும் எழுத்தும்' வகுப்புகளில் இருக்கிற அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் இங்கே நல்லாவே கைகொடுக்கும். ஒரே வேலையை அரும்பு குழந்தை படமாக வரையலாம், மொட்டு குழந்தை சொல்லாக எழுதலாம், மலர் குழந்தை வாக்கியமாக எழுதலாம்.

இன்னொன்று. மற்ற நாளில் 30 பேருக்கு நடுவில், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தையோடு தனியாக உட்கார நேரமே கிடைக்காது. 12 பேர் இருக்கிற நாளில் கிடைக்கும். கீழே இருக்கிற வேலைகளில் ஒன்றை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு, அந்த ரெண்டு மூணு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லலாம். யாரும் கவனிக்காததால் அவங்களுக்குக் கூச்சமும் இருக்காது.

மழைமானி: ஒரு பாட்டில் போதும்

ஒரே ஒரு செயல்பாடுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்க. மூணு மாதமும் ஓடும்.

பக்கவாட்டில் நேராக இருக்கிற பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளவும். நடுவில் ஒடுங்கிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேண்டாம், கணக்கு தப்பாகும். கழுத்துச் சரிவு முடிந்து பாட்டில் முழு அகலத்துக்கு வரும் இடத்தில் டீச்சரே வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்க. மேல் பாகத்தின் மூடியை எடுத்துவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே சொருகினால் புனல் ரெடி. பாட்டிலின் அடிப்பாகம் மேடு பள்ளமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தில் 'பூஜ்யம்' என்று கோடு போடவும். அங்கிருந்து மேலே ஒரு ஸ்கேலை ஒட்டினால் முடிந்தது வேலை.

மரத்தடியிலோ கூரை ஓரத்திலோ வைக்கக் கூடாது, சொட்டும் தண்ணியும் சேர்ந்துவிடும். திறந்த இடத்தில், காற்றில் சாயாமல் செங்கல் முட்டுக் கொடுத்து வையுங்க.

எத்தனை மணிக்கு அளப்பது? வானிலை ஆய்வு மையத்தின் மழைக் கணக்கு காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை. பள்ளி மணி அடிப்பதற்கு முன்னால் அளந்தால் கிட்டத்தட்ட அதே நேரம்தான். மறுநாள் டிவியிலோ பேப்பரிலோ வரும் நம்ம ஊர் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரெண்டும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகலை என்பதுதான் அன்றைய பாடம்: அவங்க மானி எங்கே இருக்கு, நம்மது எங்கே இருக்கு, நடுவில் எத்தனை கிலோமீட்டர், நம்ம பாட்டில் சாய்ஞ்சிருந்துச்சா?

அளந்ததைச் சுவரில் ஒட்டிய சார்ட்டில் தினமும் ஒரு பட்டையாக வரையச் சொல்லுங்க. 1, 2-ம் வகுப்புக்கு 'நேத்தைவிட அதிகமா, கம்மியா' என்றால் போதும். 3-ம் வகுப்புக்குக் கூட்டல். 4, 5-ம் வகுப்புக்கு இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்க: 1 சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். 20 அடிக்கு 20 அடி வகுப்பறை என்றால் கூரையின் பரப்பு சுமார் 37 சதுர மீட்டர். 1 செ.மீ. மழை பெய்தாலே 370 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் கிட்டத்தட்ட 25 குடம். சீசன் முழுக்க 44 செ.மீ. பெய்தால் ஆயிரம் குடத்துக்கு மேல். வீட்டில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்ற குழந்தைக்கு இந்தக் கணக்கு சட்டுன்னு புரியும். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட கதையை இதோடு சேர்த்துச் சொல்லலாம். அப்படியே நம்ம பள்ளிக் கூரையின் குழாய் எங்கே போகுதுன்னு ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரலாம்.

முக்கியமான குறிப்பு: அளந்ததும் பூஜ்யக் கோட்டுக்கு மேலே இருப்பதைத் தினமும் கொட்டிவிடணும். வெள்ளிக்கிழமை கல்லோடு சேர்த்து மொத்தமாகக் காலி செய்துடுங்க. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். அறிவியல் ப்ராஜெக்ட்டே கொசு வளர்க்கக் கூடாது இல்லையா? இதையே ஹோம்வொர்க் ஆக்கலாம்: வீட்டைச் சுற்றித் தண்ணி தேங்கும் இடங்களை எண்ணிட்டு வாங்க. கொட்டாங்குச்சி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு. கடைசியில் சொன்னது பெரியவங்களுக்கே ஞாபகம் வராது.

'ஆரஞ்சு அலர்ட்' என்றால் என்ன?

'நாளை எந்தெந்த மாவட்டங்களில் பள்ளிகளுக்கு லீவு?' இந்த சீசனில் எங்க டெஸ்க்கில் விடியற்காலையிலேயே ஆரம்பிக்கிற கேள்வி இது. குழந்தைகளும் இதைத்தான் கேட்கிறார்கள். அதையே பாடமாக்கிவிடலாம்.

பச்சை என்றால் எச்சரிக்கை எதுவும் இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருக்கணும். ஆரஞ்சு என்றால் தயாராக இருக்கணும். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுக்கணும். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை.

வகுப்பறைக் கதவு நிலையில் தரையிலிருந்து 7, 12, 21 செ.மீ. உயரத்தில் மூணு கோடு போடுங்க. ஒவ்வொரு குழந்தையும் பக்கத்தில் வந்து நின்று பார்க்கட்டும். 1-ம் வகுப்புக் குழந்தைக்கு 21 செ.மீ. கணுக்காலைத் தாண்டி மேலே போகும். தண்ணி வடியாமல், ஓடாமல் அப்படியே நின்றால்தான் இந்த உயரம் என்பதையும், பள்ளமான தெருவில் நாலாபக்கத் தண்ணியும் வந்து சேர்வதால் இதைவிட அதிகமாக நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். லீவு எதுக்கு விடறாங்க என்பது அப்போதான் புரியும்.

டீச்சர் குரல் கேட்காத நேரத்தில்...

மழைச் சத்தத்தோடு போட்டி போட வேண்டாம், அதையே எடுத்துக்கலாம். முதலில் எல்லாரும் உள்ளங்கையைத் தேய்க்கணும். பிறகு விரல் சொடுக்கு. பிறகு தொடையில் தட்டு. கடைசியில் காலால் தரையில் உதை. அப்படியே தலைகீழாகத் திரும்பி வந்தால், தூறலில் ஆரம்பித்துக் கொட்டி ஓய்ந்த மாதிரியே கேட்கும். டீச்சர் வாயே திறக்க வேண்டாம், கையைக் காட்டினால் போதும். அஞ்சு வகுப்பும் ஒண்ணாச் சேர்ந்து செய்யலாம்.

அது முடிஞ்சதும் சொல் வேட்டை. தூறல், சாரல், தூவானம், அடைமழை, ஆலங்கட்டி மழை... வீட்டில் பாட்டி, தாத்தாவிடம் கேட்டு ஆளுக்கு ஒரு சொல் கொண்டு வரச் சொல்லுங்க. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு சொல் வரும். புத்தகத்தில் இல்லாத சொல் வந்தால் அதைத்தான் பெரிதாக எழுதி ஒட்டணும். சடசட, சலசல, மடமட என்று இரட்டைக்கிளவிக்கும் இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. 'சட' என்று தனியாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்க, சிரிப்பாங்க. பிரித்தால் பொருள் தராது என்ற இலக்கணம் அந்தச் சிரிப்பிலேயே புரிஞ்சிடும்.

இடி இடிச்சால் பயப்படுற குழந்தைகளுக்கு: மின்னலைப் பார்த்ததும் ஒண்ணு, ரெண்டு என்று மெதுவாக எண்ணச் சொல்லுங்க. இடி கேட்கும்போது நிறுத்தணும். 3 விநாடிக்குச் சுமார் 1 கிலோமீட்டர். 12 வரை எண்ணினால் 4 கிலோமீட்டர் தள்ளி. எண்ணுவதில் கவனம் போனால் அழுகை குறையும். தூரம் அதிகமாக இருக்கேன்னு வெளியே விட்டுடக் கூடாது. இடி காதில் விழும் வரை எல்லாரும் உள்ளேதான்.

மழை விட்டதும் செய்ய ஒன்று. சிமென்ட் தரையில் தேங்கிய குட்டையைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடுங்க. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு கோடு. சாயந்தரத்துக்குள் வட்டத்துக்குள் வட்டமாக நிற்கும். ஆவியாதல் பற்றி இதுக்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தட்டான் தாழப் பறந்தால் மழை வருமா?

தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் மழை என்று ஊர்ப் பக்கம் சொல்வார்கள். சரியா, தப்பா என்று டீச்சர் தீர்ப்பு சொல்ல வேண்டாம். நாலு கட்டம் போட்ட அட்டவணை ஒன்று கொடுங்க. தட்டான் தாழப் பறந்தது, மழை வந்தது. பறந்தது, வரவில்லை. பறக்கவில்லை, வந்தது. பறக்கவில்லை, வரவில்லை. ஒரு மாதம் குறித்த பிறகு குழந்தைகளே சொல்லட்டும். 8 வயசுக்குழந்தை ஒரு நம்பிக்கையைத் தானே சோதித்துப் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை. கூடவே ஒரு தகவல்: சில தட்டான்கள் இந்தப் பருவத்தில் காற்றோடு சேர்ந்து கடல் தாண்டிப் பயணம் போகிறவை.

மண்புழு, நத்தை, ஈசல், மரவட்டை, சிவப்பு வெல்வெட் துணி மாதிரி இருக்கும் தம்பலப்பூச்சி எல்லாம் இப்போதான் வரும். பார்த்து வரையலாம், பாட்டிலில் அடைக்க வேண்டாம். இலைக் குவியலுக்குள்ளும் செங்கல் சந்திலும் கை விடக் கூடாது. பாம்பு, தேள் ஒதுங்கியிருக்கலாம். ஈரச் சுவரில் இருக்கிற சுவிட்ச், அறுந்து கிடக்கும் வயர், மூடியில்லாத கால்வாய் இந்த மூணையும் குழந்தைகள் வருவதற்கு முன் டீச்சர் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. நனைந்து வருகிறவங்களுக்கு நாலு பழைய துண்டு அலமாரியில் இருக்கட்டும்.

பனங்கொட்டை நடலாம்

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பனம்பழம் விழுந்து முடிந்த கையோடு, புரட்டாசி, ஐப்பசியில் கொட்டையைப் புதைத்தால் பொங்கல் சமயத்தில் கிழங்கு தோண்டலாம். பள்ளி ஓரத்தில் மண்ணைக் குவித்து வரிசையாகப் பதித்து, ஆளுக்கொரு குச்சியில் பெயர் எழுதி நட்டுவிடுங்க. சில கொட்டை முளைக்காது, அதனால் ஆளுக்கு ரெண்டு. வெளியே முளையே தெரியாமல் மண்ணுக்குள்ளேயே வேலை நடப்பதால் 'டீச்சர், என்னுது செத்துப்போச்சு' என்று புகார் வரும். கூடுதலாக நட்ட ஒன்றை நடுவில் தோண்டிக் காட்டலாம். தை மாதம் அவித்துச் சாப்பிடும்போது வருகைப்பதிவு முழுசாக இருக்கும்!

அப்போ அந்த இலை வொர்க்ஷீட்?

டெலிட் செய்ய வேண்டாம், பிப்ரவரி வரை வைத்திருங்க. நம்ம ஊர் வேம்பும் அரசும் இலையைக் கொட்டுவது மாசி, பங்குனியை ஒட்டித்தான். வாதாம் மரத்து இலை விழுவதற்கு முன்னால் சிவப்பு, மஞ்சளாக மாறும், மேப்பிள் இலைக்குக் கொஞ்சமும் குறையாது. இலைக்குப் பச்சை நிறம் கொடுப்பது பச்சையம். மரம் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்போது ஏற்கெனவே ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, சிவப்பு புதிதாக உருவாகிறது. இதை இப்போதே ஒத்திகை பார்க்கணும் என்றால், டிஷ்யூ பேப்பர் துண்டின் ஒரு முனைக்குக் கொஞ்சம் மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, அந்த முனை மட்டும் தண்ணியில் படுகிற மாதிரி பிடிக்கச் சொல்லுங்க. தண்ணி மேலே ஏற ஏற, கறுப்புக்குள் இருந்து நீலமும் ஊதாவும் பிரிந்து வரும். பேனா தண்ணியில் கரையும் வகையாக இருக்கணும். பெர்மனன்ட் மார்க்கரில் வராது.