எலி கடித்த வயரும் ஒரு பழைய விளக்கும்



போன மாதம் என் காரில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார், மாத்தணும்" என்றார்கள். ஆறாயிரத்துக்கு மேல் ஆகுமாம். பென்ஷன்காரன் அல்லவா, யோசித்துச் சொல்கிறேன் என்று ஐயம்பேட்டைக்கே திரும்பிவிட்டேன்.

இங்கே மெக்கானிக் கடை வைத்திருக்கும் நம் மாணவன் ஒருவனிடம் கொண்டுபோனேன். (பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.) அவனும் கருவியைச் செருகினான். "சென்சார் கெட்டதுன்னு இது சொல்லலை சார். ஹீட்டர் சர்க்யூட்ல கோளாறுன்னுதான் சொல்லுது. நாளைக்குப் பார்த்துடலாம்" என்றான்.

"சென்சாருக்கு எதுக்குடா ஹீட்டர்?"

"சூடானாத்தான் அது வேலை செய்யும் சார்."

சரித்திர வாத்தியாருக்கு இது போதாதா? அன்று இரவு உட்கார்ந்து படித்தேன்.

1890-களின் கடைசியில், ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற விஞ்ஞானி ஒரு மின்விளக்கு செய்தார். அதில் ஒளிர்ந்தது சிர்கோனியா கலந்த, பீங்கான் போன்ற ஒரு பொருள். குளிர்ந்திருக்கும்போது அதில் மின்சாரம் ஓடாது. நன்றாகச் சூடேற்றினால்தான் ஓடும். அதனால் விளக்கு எரிவதற்கு முன் அதைச் சூடாக்க வேண்டியிருந்தது. பின்னால் டங்ஸ்டன் இழை வந்ததும் அந்த விளக்கு மறைந்தது. ஆனால் சிர்கோனியா மறையவில்லை. சூடான சிர்கோனியாவின் ஒரு பக்கம் வெளிக்காற்றும் மறுபக்கம் எஞ்சின் புகையும் இருந்தால், இரண்டிலும் உள்ள ஆக்சிஜனின் வித்தியாசத்துக்கு ஏற்பச் சிறு மின்னழுத்தம் பிறக்கும். கலிபோர்னியாவின் கடுமையான புகைச் சட்டத்தை ஒட்டி, பாஷ் நிறுவனம் செய்த இந்தச் சென்சார் 1976-ல் வோல்வோ காரில் முதன்முதலாக வந்தது. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கு தவறாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை.

நம் நாட்டில் 1995 ஏப்ரலில், சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லாத பெட்ரோலும் அப்போதுதான் அங்கே வந்தது. ஈயம் கன்வெர்ட்டரையும் கெடுக்கும், சென்சாரையும் கெடுக்கும். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நின்றது. கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வர, சென்சாரும் நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் பையன் வேலையைத் தொடங்கினான். பியூஸ் நன்றாக இருந்தது. சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, ஹீட்டரின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தான். 6 ஓம் காட்டியது. "ஹீட்டர் உயிரோடதான் இருக்கு சார்." எஞ்சினை ஓடவிட்டு வண்டிப் பக்கத்துக் கனெக்டரைப் பார்த்தான். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வயரைத் தடவிக்கொண்டே போனான். பேட்டரிக்குப் பின்னால் ஒரு வயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது! பற்றவைத்து, உறை போட்டு, கருவியைச் செருகினான். 0.1-க்கும் 0.9-க்கும் இடையே வோல்ட் ஏறி இறங்கியது. சென்சார் பேச ஆரம்பித்துவிட்டது.

"பாவுல ஒரு இழை அறுந்தா, எங்க அப்பா தேடிப் பிணைப்பார் சார். தறியையா மாத்துவார்?" என்று சிரித்தான். 300 ரூபாய் வாங்கிக்கொண்டான்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. பத்தாம் வகுப்பில் ஒரு நாள் முகலாயப் பேரரசின் வீழ்ச்சிக்கான காரணங்களை நான் வரிசையாகச் சொல்லி எழுதவைத்தேன். "இதுதான் காரணம்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டான் இவன். கிண்டல் செய்கிறான் என்று நினைத்து வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன். சரித்திரத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். அன்று அவனிடம் நான் அணைக்கப் பார்த்த கேள்விதான் இன்று என் ஆறாயிரத்தைக் காப்பாற்றியது.

கடையில் அவனிடம் இதைச் சொன்னேன். "மறக்கலை சார்" என்றான், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டதற்காக என்னிடம் திட்டு வாங்கிய வேறு யாராவது இதைப் படித்தால், மன்னித்துவிடுங்கள். என்ன கேட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். இப்போதாவது பதில் தேடுகிறேன்.