தமிழ் வலைப்பதிவர் சந்திப்புகளும் விருதுகளும்

தமிழ் வலைப்பதிவர் சந்திப்புகள் என்பவை, இணையத்தில் தமிழில் எழுதியவர்கள் நேரில் கூடுவதற்காகத் தாங்களே ஏற்பாடு செய்துகொண்ட கூட்டங்களாகும். பூங்காவிலும் கடற்கரையிலும் பத்துப் பேர் கூடிப் பேசியதில் தொடங்கிய இவை, 2007 முதல் 2015 வரையிலான காலத்தில் பட்டறை, சங்கமம், திருவிழா என்ற பெயர்களில் பெரிய நிகழ்வுகளாக வளர்ந்தன. வலைப்பதிவுகளுக்கான விருதுகளும் இதே காலத்தவை. ஆங்கில உலகில் இத்தகைய மாநாடுகள் விரைவிலேயே ஊடகத்தார், விளம்பரத்தார், மக்கள் தொடர்புத் துறையினர் ஆகியோரின் தொழில்சார் கூடல்களாயின. தமிழில் அப்படி நேரவில்லை. சென்னையில் மென்பொருள் துறையினரும், புதுக்கோட்டையில் பள்ளி ஆசிரியர்களும் முன்னின்று நடத்திய கூட்டங்களாகவே அவை இருந்தன.

பின்னணி

'வெப்லாக்' என்ற சொல்லை ஜோர்ன் பார்கர் 1997 இறுதியில் புழக்கத்திற்குக் கொண்டுவந்தார். 1999-இல் வெளியான 'பிளாக்கர்' சேவை, நிரல் தெரியாதவரும் இணையத்தில் எழுத வழிசெய்தது. அதை 2003-இல் கூகுள் வாங்கியது. வலைப்பதிவுகளுக்கான 'பிளாகீஸ்' விருது 2001-இல் தொடங்கியது. 2003 அக்டோபரில் டேவ் வைனர் ஹார்வர்டில் 'பிளாகர்கான்' மாநாட்டைக் கூட்டினார். பெண் பதிவர்களுக்கான 'பிளாக்ஹெர்' மாநாடு 2005-இல் கலிபோர்னியாவில் தொடங்கிச் சில ஆண்டுகளில் பெரிய வணிக நிறுவனமாகவே ஆனது.

தமிழில் வலைப்பதிவுகள் 2003-இன் தொடக்கத்தில் தோன்றின. முதற்பதிவர் யார் என்பதில் கார்த்திகேயன் இராமசாமி, நவன் ஆகிய இரு பெயர்கள் கூறப்படுகின்றன. யார் முதல்வர் என்பதைவிட, எழுத்துரு தடையாக நின்ற காலத்தில் இவர்கள் எழுதத் துணிந்தார்கள் என்பதே குறிப்பிடத்தக்கது. ஒருவர் ஒரு குறியீட்டில் தட்டச்சு செய்தால் மற்றவர் கணினியில் அது கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் அது. முரசு அஞ்சல், இ-கலப்பை போன்ற மென்பொருள்களும் ஒருங்குறியின் பரவலுமே இச்சிக்கலைத் தீர்த்தன. பத்திரிகையாளர் மாலன் தம்முடைய 'திசைகள்' மின்னிதழ் வழியே புதியவர்களை வலைப்பதிவுக்கு ஊக்கினார். மதி கந்தசாமி தமிழ்ப் பதிவுகளின் பட்டியலைத் தொகுத்தார். 2004-இல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கினார். பல இடங்களில் வெளியாகும் பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டுவது திரட்டியின் வேலை. அதன்பின் ஒருவர் எழுதியதை மற்றவர் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

நேரில் காணும் தேவை

பதிவர்களில் பலர் புனைபெயரில் எழுதினர். ஒருவர் பெயரில் இன்னொருவர் பின்னூட்டம் இடும் போலித் தொல்லையும் இருந்தது. மாதக்கணக்கில் வாதிட்ட எதிராளி ஆணா பெண்ணா, இளைஞரா முதியவரா என்றுகூடத் தெரியாத நிலை. நேரில் பார்த்தால் சொல்லின் கூர்மை சற்று மழுங்கும் என்பது பலரின் அனுபவமாக இருந்தது. சென்னையில் மெரினா காந்தி சிலையும் தியாகராய நகர் நடேசன் பூங்காவும் வழக்கமான கூடுமிடங்கள். வாடகை இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை, தேநீர்ச் செலவு அவரவர் பொறுப்பு. சந்திப்பில் கிடைத்த போண்டாவைப் பற்றிய வேடிக்கைப் பதிவுகளே அக்காலத்தில் தனி வகையாக எழுதப்பட்டன.

2006 செப்டம்பர் 9, 10 நாள்களில் சென்னை டைடல் பூங்காவில் 'பிளாக்கேம்ப்' நடைபெற்றது. அதில் ஆங்கிலமே மேலோங்கியிருந்தது. தமிழுக்கென்று ஒரு நிகழ்வு வேண்டும் என்ற எண்ணம் அடுத்த ஆண்டு நிறைவேறியது. 2007 ஆகஸ்டு 5 அன்று சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் 'தமிழ் வலைப்பதிவர் பட்டறை' கூடியது. 'மாநாடு' என்று பெயர் வைக்காமல் 'பட்டறை' என்று வைத்தது பொருத்தமானது. ஒருபுறம் பதிவர்கள் விவாதிக்க, மறுபுறம் புதிதாக வந்தவர்களுக்குத் தமிழ்த் தட்டச்சும் வலைப்பதிவு தொடங்கும் முறையும் கற்பிக்கப்பட்டன. வந்தவர் அன்றே ஒரு பதிவராகத் திரும்ப முடிந்தது. பிற்காலச் சந்திப்புகள் பலவற்றில் இப்பகுதி சுருங்கி, மேடைப்பேச்சும் பொன்னாடையும் பெருகின. அது இழப்புதான்.

2009 ஆகஸ்டு 23 அன்று இலங்கைத் தமிழ்ப் பதிவர்கள் கொழும்புத் தமிழ்ச்சங்கத்தில் கூடினர். போர் முடிந்து மூன்று மாதங்களே ஆகியிருந்த வேளையில் நடந்த கூட்டம் அது. அதே ஆண்டு டிசம்பரில் ஈரோட்டுப் பதிவர்கள் தங்கள் சந்திப்பை நடத்தினர். 2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுடன் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டதும் அப்போதுதான். 2012 ஆகஸ்டு 26-லும் 2013 செப்டம்பர் 1-லும் சென்னையில் பெரிய சந்திப்புகள் நடந்தன. 2014 அக்டோபர் 26 அன்று மதுரையில் கூடினர். மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தார்க்கு எட்டும் தொலைவில் நடந்த பெரிய சந்திப்பு இதுவே.

மேற்கண்ட தேதிகளை நாட்காட்டியில் பார்த்தால் ஒன்று புலப்படும். பட்டறையும், கொழும்பு, சென்னை, மதுரைக் கூட்டங்களும் ஞாயிற்றுக்கிழமையில் நடந்தவை. கலந்துகொண்டவர்களுக்கு மற்ற நாள்களில் வேறு வேலை இருந்தது. எழுத்து அவர்களுடைய தொழில் அன்று.

தொழிலாகாமல் போனது ஏன்?

ஆங்கிலப் பதிவர் ஒருவருக்குப் படிப்போர் பெருகினால் விளம்பர வருவாய் வரும். வருவாய் வந்தால் விளம்பர நிறுவனங்கள் வரும். மாநாட்டுக்குக் கட்டணமும் புரவலர்களும் கிடைப்பர். தமிழில் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே இல்லை. கூகுளின் 'ஆட்சென்ஸ்' விளம்பரச் சேவை தமிழ்ப் பக்கங்களை முறைப்படி ஏற்றது 2018 பிப்ரவரியில்தான். அதற்குள் எழுதியவர்களில் பெரும்பாலோர் முகநூலுக்குப் போய்விட்டனர். தமிழில் எழுதிப் பிழைக்கலாம் என்ற வாய்ப்பு பதினைந்து ஆண்டுகள் தாமதமாக, ஆள் நடமாட்டம் குறைந்த தெருவுக்கு வந்து சேர்ந்தது.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. புரவலரின் பொருளைப் புகழ வேண்டிய கட்டாயம் பதிவர்களுக்கு இருக்கவில்லை. ஆயினும், பல ஆண்டுகள் நாள்தோறும் எழுதிய ஒருவருக்குக் கைம்மாறாகக் கிடைத்தவை பின்னூட்டங்களும், 'ஆனந்த விகடன்' இதழின் 'வரவேற்பறை' பகுதியில் ஒரு சிறு அறிமுகமும்தான் என்பதும் உண்மை. ஆகவேதான் விருது என்ற சொல்லுக்கு அங்கே அத்தனை எடை ஏற்பட்டது.

விருதுகள்

இந்திய மொழிப் பதிவுகளுக்கென 2003-இல் தேபாஷிஷ் சக்ரவர்த்தி தொடங்கிய 'இண்டிபிளாகீஸ்' விருதில் தமிழுக்கும் பின்னர் இடம் கிடைத்தது. ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பு நிறுவனம் 2004 முதல் வழங்கிய 'பாப்ஸ்' விருதில் பிற்காலத்தில் வங்காளமும் இந்தியும் சேர்க்கப்பட்டன. தமிழ் சேர்க்கப்படவில்லை.

தமிழுக்குள் பெரிதும் பேசப்பட்டவை 2008-ஆம் ஆண்டுப் பதிவுகளிலிருந்து வழங்கப்பட்ட தமிழ்மணம் விருதுகள். பதிவர்கள் தம் இடுகைகளைத் தாமே முன்மொழிவர், பதிவர்களே வாக்களிப்பர். வாக்கு என்று வந்ததும் தேர்தலுக்குரிய எல்லாமும் வந்தன. 'எனக்கு வாக்களியுங்கள்' என்று தனி இடுகை எழுதப்பட்டது. நண்பர் கூட்டம் பெரிதாக இருந்தவர் முந்தினார், தனியாக இருந்து நன்றாக எழுதியவர் பின்தங்கினார். இதைச் சரிசெய்யப் பின்னர் நடுவர் குழுவும் சேர்க்கப்பட்டது. ஒருவர் பெற்றதை ஐந்து பேருக்குக் கைமாற்றும் 'லீப்ஸ்டர்' போன்ற சங்கிலி விருதுகளும் உலவின. அவற்றில் தகுதிக்கு வேலையில்லை, ஆனால் யாரும் மனம் நோகவில்லை.

அச்சுலகமும் கைகொடுத்தது. எழுத்தாளர் சுஜாதாவின் நினைவாக உயிர்மை பதிப்பகமும் சுஜாதா அறக்கட்டளையும் 2010-இல் தொடங்கிய விருதுகளில் இணைய எழுத்துக்கு ஒரு பிரிவு ஒதுக்கப்பட்டது. கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் சுந்தர ராமசாமி பெயரில் கணினித் துறைக்கான விருதை வழங்கியது. தமிழ்நாடு அரசின் 'முதலமைச்சர் கணினித் தமிழ் விருது' மென்பொருளுக்கு உரியது. கருவி செய்தவருக்கு அரசு விருது உண்டு, அக்கருவியால் எழுதியவருக்கு இல்லை.

புதுக்கோட்டைத் திருவிழா, 2015

எழுதியவருக்கு அரசு நிறுவனத்தின் துணையோடு பரிசு கிடைத்த நிகழ்வு 2015 அக்டோபர் 11 ஞாயிறன்று புதுக்கோட்டையில் நடந்தது. அதை நடத்தியது அம்மாவட்டக் கணினித் தமிழ்ச் சங்கம். ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் கவிஞருமான நா. முத்துநிலவன் ஒருங்கிணைத்தார். இதற்கு முந்தைய ஆண்டுகளில் அங்கே ஆசிரியர்களுக்கு இணையத் தமிழ்ப் பயிற்சி முகாம்கள் நடத்தப்பட்டிருந்தன. கரும்பலகையில் எழுதிப் பழகிய கைகள் விசைப்பலகையில் தடுமாறிப் பின் தேறின. பயிற்சி பெற்றவர்கள் சொந்தமாகப் பதிவு தொடங்கினர். விழாவின் வேலைகளைப் பகிர்ந்துகொண்டவர்களும் அவர்களே. புதுக்கோட்டையும் அருப்புக்கோட்டைப் பக்கம்போல மழையை நம்பிய வறட்சிப் பகுதி. பெரிய தொழில் நிறுவனங்களின் புரவலன்மையை எதிர்பார்க்க முடியாத ஊர். ஆசிரியர்களின் உழைப்பும் பதிவர்கள் அனுப்பிய நன்கொடையுமே விழாவைத் தாங்கின.

தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் இவ்விழாவுடன் இணைந்து மின்னிலக்கியப் போட்டிகளை அறிவித்தது. கணினியில் தமிழ் வளர்ச்சி, சுற்றுச்சூழல், பெண்கள் முன்னேற்றம் ஆகியவை பற்றிய கட்டுரைகள், புதுக்கவிதை, மரபுக்கவிதை என ஐந்து வகைகள். ஒவ்வொன்றுக்கும் 5,000, 3,000, 2,000 ரூபாய் என மூன்று பரிசுகள், மொத்தம் 50,000 ரூபாய். வாக்கெடுப்பு இல்லை, நடுவர்களே தேர்ந்தெடுத்தனர். தமிழ்மணம் விருதுகளில் எழுந்த மனக்கசப்பை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

விழாவில் சிறப்புரை ஆற்றியவர் எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன். 1966-இல் மல்லாங்கிணற்றில் பிறந்தவர். கதை, பயணம், திரைப்படம், உலக இலக்கியம் பற்றித் தம் இணையதளத்தில் ஆண்டுக்கணக்கில் கட்டணமின்றி எழுதிவருபவர். 2011-ஆம் ஆண்டுக்கான இயல் விருதையும், கரிசல் மண்ணின் நாதசுரக் கலைஞர்களைப் பற்றிய 'சஞ்சாரம்' நாவலுக்காக 2018-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதையும் பெற்றவர். அகாதெமி அச்சு நூலுக்கே பரிசளிக்கும். இணையத்தில் அவர் எழுதிய பக்கங்கள் எத்தனை வாசகரை உருவாக்கியிருந்தாலும், அவற்றை எடைபோட அகாதெமியிடம் தராசு இல்லை.

பிந்தைய நிலை

புதுக்கோட்டைக்குப் பிறகு கூட்டங்கள் அருகின. முகநூலில் நாள்தோறும் முகம் பார்த்துக்கொண்டவர்களுக்கு நேரில் கூடும் ஆவல் தணிந்திருக்கலாம். விருதும் இடம் மாறியது. 2024 மார்ச் 8 அன்று புது தில்லியில் இந்திய அரசு முதன்முறையாக வழங்கிய தேசியப் படைப்பாளர் விருதுகளில், சிறந்த கதைசொல்லி விருதைப் பெற்றவர் தமிழ்ப் பெண்ணான கீர்த்திகா கோவிந்தசாமி. வரலாற்றைக் காணொலிகளில் சொல்பவர் அவர்.

பழைய பதிவுகளின் நிலை வேறு. இலவசத் தளங்களை வழங்கிய ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. தொடக்ககால உரையாடல்கள் பலவற்றைத் தாங்கியிருந்த யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மறைந்தன. திரட்டிகள் பலவும் செயலிழந்தன. புதுக்கோட்டை விழாவையொட்டிப் பதிவர்களின் பெயர்களையும் வலைமுகவரிகளையும் தொகுத்து 'உலகத் தமிழ் வலைப்பதிவர் கையேடு' ஒன்று அச்சிடப்பட்டது. இணையத்தில் எழுதுவோருக்குக் காகிதத்தில் பட்டியலா என்ற கேள்வி அன்று எழுந்திருந்தால் வியப்பில்லை. திரட்டிகள் இல்லாத நிலையில், 2015-இல் தமிழில் யார் யார் எழுதினார்கள் என்பதை அறிய விரும்பும் மாணவர் இன்று புரட்டக்கூடிய ஏடு அதுதான்.