மருந்து பாதி, மனசு பாதி: தாம்பரம் சானடோரியத்தின் கதை

பீச்–தாம்பரம் லைன்ல குரோம்பேட்டை தாண்டினதும் ஒரு ஸ்டேஷன் வரும், தாம்பரம் சானடோரியம். நமக்கு அது ஒரு ஏரியா பெயர். உண்மையில அது ஒரு சிகிச்சை முறையோட பெயர். இந்த எபிசோடுல அந்தப் பெயரைப் பிடிச்சுக்கிட்டே ஒரு கேள்விக்குப் போகப் போறோம். இப்போ பலரும் கேட்கிற கேள்விதான்: "தெரபிக்குப் போறேன், மாத்திரை எடுக்கிறேன், யோகாவும் பண்றேன். இப்படி எல்லாத்தையும் சேர்த்துப் பண்ணலாமா?"

1928-ல டேவிட் சௌரி முத்து என்கிற டாக்டர் தாம்பரத்துல காசநோய்க்கு ஒரு சானடோரியம் தொடங்கினார். அப்போ காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-லதான். அதனால சுத்தமான காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். தாம்பரம் அன்னைக்கு ஊருக்கு வெளியே இருந்த இடம். அதுக்காகவேதான் அங்கே கட்டினாங்க.

முத்து அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல, மெண்டிப் ஹில்ஸ்ல ஒரு சானடோரியம் நடத்தினார். 1917-ல அங்கே சேர்ந்த ஒரு நோயாளியை உங்களுக்கு நல்லாவே தெரியும்: கணிதமேதை ராமானுஜன். 1914-ல ரெண்டு பேரும் ஒரே கப்பல்லதான் இங்கிலாந்து போனாங்க. ராமானுஜனுக்குக் காசநோய்னு நினைச்சுத்தான் அந்த வைத்தியம் நடந்துச்சு. அது வேற நோயா இருக்கலாம்னு பிற்காலத்துல சில மருத்துவர்கள் எழுதியிருக்காங்க. எதுவானாலும் அவரோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. உலகப் போர் நடக்குது, சைவச் சாப்பாடு கிடைக்கிறது கஷ்டம், குளிர், மனைவி கடல் தாண்டி இருக்காங்க. 1918-ல அவர் உயிரை விட முயன்று, நல்லவேளையா காப்பாற்றப்பட்டார். உடம்புக்கு ஒரு மருத்துவமனைக்கு அப்புறம் இன்னொன்னுன்னு வைத்தியம் நடந்துச்சு. தனிமைக்கு எதுவும் நடக்கலைங்கிறதுதான் என் வாசிப்பு.

சானடோரியத்தோட சிக்கலே அதுதான். ஒருத்தரை நோயிலிருந்து காப்பாத்துறதுக்காக, அவரை அவரோட மனுஷங்ககிட்ட இருந்து பிரிச்சுடும்.

1956-ல சென்னையில தொடங்கின ஒரு ஆய்வு இதை மாத்துச்சு. காசநோயாளிகள்ல ஒரு பகுதியினர் சானடோரியத்துல, இன்னொரு பகுதியினர் வீட்டுல. ரெண்டு தரப்புக்கும் ஒரே மருந்து. 1959-ல வந்த முடிவு, வீட்டுல இருந்தவங்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானாங்க. ஆனா அவங்களைச் சும்மா விட்டுடலை. மருந்து ஒழுங்கா சாப்பிடுறாங்களான்னு வீடு தேடிப் போய்ப் பார்த்தாங்க. மருந்தும் குடும்பமும் தொடர்ந்த கவனிப்பும் ஒன்னா சேர்ந்தது அங்கேதான்.

அடுத்த அத்தியாயம் எச்ஐவி. இந்தியாவுல அது இருக்குன்னு 1986-ல கண்டுபிடிச்சது நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில, டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். 1993-ல தாம்பரம் மருத்துவமனை எச்ஐவி நோயாளிகளை உள்நோயாளிகளா சேர்க்க ஆரம்பிச்சுது. பல இடங்கள்ல தொடவே பயந்த காலம் அது. மறுபடியும் 1928 மாதிரியே நிலைமை. வந்துக்கிட்டிருந்த மருந்துகளும் சாதாரண மக்களுக்கு எட்டாத விலையில இருந்துச்சு.

அப்போ தாம்பரத்துல கண்காணிப்பாளரா இருந்த டாக்டர் செ.நெ. தெய்வநாயகம், அலோபதியோட சித்த மருந்துகளையும் சேர்த்தார்: ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம். இங்கே ஒன்னைத் தெளிவா சொல்லிடணும். அந்த மருந்துகள் எச்ஐவியைக் குணமாக்கும்னு நிரூபணம் ஆகலை. ஆனா 'உனக்கு ஒன்னும் செய்ய முடியாது, வீட்டுக்குப் போ'ன்னு கேட்டுப் பழகின ஒருத்தருக்கு ஒரு கட்டிலும், பார்க்க வர்ற டாக்டரும், வேளாவேளைக்கு ஒரு மருந்தும் கிடைக்கிறது சின்ன விஷயம் இல்லை.

அதே வருஷங்கள்ல வேற வேலைகளும் நடந்துச்சு. சுனிதி சாலமன் 1993-ல தொடங்கின ஒய்.ஆர்.ஜி. கேர், சோதனையோட கவுன்சலிங்கையும் சேர்த்தே கொடுத்துச்சு. எச்ஐவி உள்ளவங்களுக்குள்ள அவரே வரன் பார்த்தும் வெச்சார். எச்ஐவியோட வாழுறவங்க 1997-ல தங்களுக்கான அமைப்பைச் சென்னையில தொடங்கினாங்க. அடுத்த வருஷம் பெண்கள் தனியா ஒன்னு தொடங்கினாங்க. 'எனக்கும் இதேதான், நான் உயிரோட இருக்கேன்'னு சொல்ல ஒரு ஆள். அதை எந்த டாக்டராலயும் எழுதிக் கொடுக்க முடியாது.

2004 ஏப்ரல் 1-ல அரசு இலவசமா ஏஆர்டி கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பிச்சப்போ, முதல் 8 மருத்துவமனைகள்ல தாம்பரமும் ஒன்னு. உயிரைக் காப்பாத்தினது அந்த மருந்துதான். ஆனா அதை வாழ்நாள் முழுக்க, ஏறக்குறைய ஒரு வேளைகூட விடாம சாப்பிடணும். வீட்டுக்குத் தெரிஞ்சுடுமோன்னு பயந்து மாத்திரையை ஒளிச்சு வைக்கிறவர் எப்படி விடாம சாப்பிடுவார்? அதனால ஏஆர்டி மையத்துல டாக்டரோட கவுன்சலருக்கும் ஒரு நாற்காலி போட்டாங்க. பயத்தைக் கவனிச்சாதான் மாத்திரை உள்ளே போகும்.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். சேர்க்கலாம். ஆனா மூனு விஷயம் பாருங்க. ஒன்னு, ஒவ்வொன்னும் என்ன வேலை செய்யுதுன்னு உங்களால ஒரு வரியில சொல்ல முடியணும். மாத்திரை தூக்கத்தைச் சரி பண்ணலாம், தெரபி பழைய காயத்தைப் பேச வைக்கலாம், நண்பர்கள் கூட்டம் தனிமையைக் குறைக்கலாம். ரெண்டு, சேர்க்கிறது வேற, ஒன்னை நிறுத்திட்டு இன்னொன்னுக்குத் தாவுறது வேற. டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்தாதீங்க. மூனு, எல்லாருக்கும் எல்லாம் தெரியணும். நீங்க சாப்பிடுற சூரணம் உங்க மனநல மருத்துவருக்கும், அவர் கொடுக்கிற மாத்திரை உங்க சித்த மருத்துவருக்கும் தெரியணும்.

அதே சானடோரியம் பகுதியில 2005-ல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்துச்சு. நெஞ்சக நோய் மருத்துவமனையும் தொடர்ந்து இயங்குது. ஒரே ஸ்டேஷன்ல இறங்கி ரெண்டு இடத்துக்கும் நடந்து போகலாம். ரெண்டையும் இணைக்கிற வேலையை நோயாளியோட தலையில மட்டும் போடாம இருக்கிறதுதான் நாம இன்னும் கத்துக்க வேண்டியது.

இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற யாருக்காவது மனசு ரொம்ப பாரமா இருந்தா, டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழ்லயே பேசலாம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.