கவர்னரின் சகோதரி: சேலம் சூனிய வழக்கும் நம்ம கடற்கரையும்

போன பொங்கலுக்கு அனுமந்தை போயிருந்தப்போ, குடும்ப வம்சாவளியை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தாத்தாவுக்கு மேலே மூணு தலைமுறை வரை ஆம்பளைங்க பேர் சுலபமாகக் கிடைத்தது. தாத்தாவோட அக்கா பேரைக் கேட்டப்போ மட்டும் அத்தை பேச்சை மாத்திட்டாங்க. விடாமல் கேட்டதும் சொன்னது இது: "விளக்கு வெச்ச நேரத்துல அவ பேரை எடுக்காதடா. ராத்திரியில உப்பளத்துப் பக்கம் நெருப்பு நடமாடும். அது அவதான்னு சொல்லுவாங்க."

சின்ன வயசிலேயே புருஷனை இழந்தவள். உப்பளம் ஓரமாகக் குடிசை போட்டுத் தனியாக இருந்தவள். தெருவில் ஒரு குழந்தை காய்ச்சலில் செத்துப்போக, "அவ வெச்ச சூனியம்" என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. கூடப் பிறந்தவங்களே அதுக்கப்புறம் அவளோடு பேசவில்லை.

இது மனசில் கிடந்ததால் சூனிய வழக்குகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கு சேலம். நம்ம மாம்பழச் சேலம் இல்லை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பக்கம் இருக்கும் துறைமுக ஊர். 1692-இல் அங்கே சில சிறுமிகளுக்கு வலிப்பு மாதிரி வர, யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று குற்றச்சாட்டுகள் கிளம்பின. 150 பேருக்கு மேல் சிக்கினார்கள். 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஒரு கிழவரைக் கல் அடுக்கி நசுக்கியே கொன்றார்கள்.

அந்தப் பட்டியலில் ஆன் டாலிவர் என்று ஒரு பெயர். பிறந்த வீட்டுப் பெயர் ஹிக்கின்சன். எங்கேயோ கேட்ட பெயராச்சே என்று தேடினால், வந்து நின்ற இடம் சென்னைக் கோட்டை!

நத்தானியல் ஹிக்கின்சன் ஆனுக்குக் கூடப்பிறந்தவர். 1652-இல் பிறந்து, ஹார்வர்டில் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காகச் சென்னை வந்தவர். 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது முதல் மேயர் இவர்தான். 1692 அக்டோபர் 23-ஆம் தேதி எலிஹு யேலுக்கு அடுத்து கவர்னர் ஆனார். கடலூர் பக்கம் இருக்கும் செயின்ட் டேவிட் கோட்டையை 1690-இல்தான் கம்பெனி விலைக்கு வாங்கியிருந்தது. சென்னைக் கோட்டைக்கும் அந்தக் கோட்டைக்கும் நடுவில்தான் மரக்காணம், அனுமந்தை எல்லாம் வருகின்றன. எங்க ஊர்க் கரையைத் தாண்டித்தான் இவர் கப்பல்கள் போய் வந்திருக்கும்.

இனி ஆன் கதைக்கு வருவோம். அப்பா ஜான் ஹிக்கின்சன் சேலம் தேவாலயத்தின் மூத்த பாதிரியார். புருஷன் விட்டுட்டுப் போனதால் ஆன் பிள்ளைகளோடு அப்பா வீட்டில் இருந்தாள். 1692 ஜூன் 6-ஆம் தேதி அவளை விசாரித்தார்கள். பொம்மை செய்ததுண்டா என்று கேட்டார்கள். மெழுகில் செய்ததுண்டு, பல வருஷம் முன்னாடி, என்றாள். ஏன்? தனக்கே யாரோ சூனியம் வைத்ததாக அவள் நினைத்திருக்கிறாள். வைத்தவர்களுக்கே அதைத் திருப்பிவிட இதுதான் வழி என்று ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறாள். யாருக்கும் கெடுதல் செய்யும் எண்ணம் இல்லை என்றும் சொன்னாள். நம்ம ஊரில் 'எடுப்பு' வைப்பதும் செய்வினையைத் திருப்புவதும் இதே கணக்குதானே!

இதில் இன்னொரு கொடுமை. அந்த வருஷம் சேலத்தில் சூனிய விசாரணை நடத்திய மாஜிஸ்திரேட்டுகளில் ஜான் ஹிக்கின்சன் ஜூனியரும் ஒருவர், ஆனின் இன்னொரு சகோதரர். ஒருத்தி குற்றவாளிக் கூண்டில், ஒருத்தர் நீதிபதி நாற்காலியில், இன்னொருத்தர் கடல் கடந்து கவர்னர் நாற்காலியில்! நத்தானியல் பதவியேற்று ஆறே நாளில், அக்டோபர் 29 அன்று, மாசசூசெட்ஸ் கவர்னர் பிப்ஸ் அந்தச் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார்.

ஆன் தூக்குக்குத் தப்பிவிட்டாள். அப்பா பின்னாளில், இந்த வழக்குகளில் நடந்த தவறுகளை அலசி ஜான் ஹேல் என்ற பாதிரியார் எழுதிய புத்தகத்துக்கு முன்னுரை கொடுத்தார். அது 1702-இல் வெளிவந்தது.

இந்தக் கதையிலும் எங்க வீட்டுக் கதையிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இரண்டு இடத்திலும் மாட்டியவள் ஆம்பளைத் துணை இல்லாத பெண். பேயா, சூனியமா என்பதெல்லாம் அதுக்கப்புறம் சேர்வதுதான். இது பழங்கதையும் இல்லை. 'டாயன்' என்று சொல்லிப் பெண்களை அடித்துக் கொல்வதைத் தடுக்க பீகார் 1999-இலும் ஜார்க்கண்ட் 2001-இலும் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அப்படி ஊரால் துரத்தப்பட்டுப் பிழைத்து, மற்ற பெண்களைக் காப்பாற்றக் கிளம்பிய சுட்னி மஹாதோவுக்கு 2021-இல்தான் பத்மஸ்ரீ கிடைத்தது.

சரி, உப்பளத்தில் நடமாடிய நெருப்பு? கழுவெளிச் சதுப்பு பக்கத்திலேயே இருப்பதால், சதுப்பு வாயுதான் கொள்ளிவாய்ப் பிசாசாகத் தெரிந்திருக்கும் என்று நான் ஒரு விளக்கம் தயார் பண்ணி வைத்திருந்தேன். போன மாசம் உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு பாட்டியிடம் அதைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"வெயில் ஏறிட்டா பாத்தியில நிக்க முடியுமாப்பா? மூணு மணிக்கே உப்பு வாரப் போயிடுவோம். அவளும் அரிக்கேன் வெளக்கை எடுத்துக்கிட்டு வருவா. அதைத்தான் பிசாசுன்னுட்டாங்க. கூலி வாங்கித்தான அவ கஞ்சி குடிச்சா?"

பேர் என்னன்னு கேட்டேன். தயங்காமல் சொன்னார். அத்தையிடம் வந்து சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "எழுதிக்கோ, தாத்தாவுக்கு முன்னாடி எழுது, அவதான மூத்தவ" என்றார். எழுதிட்டேன்.